நூற்றுப் பத்து வரை எண்ணினேன்

கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த வருடம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய எங்கள் தெருவில் இது நடந்தது. பல தடவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு வரி எழுதுவதற்குள் கோபம் தலைக்கேறி, தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். அது அடங்குவதாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பாதி ஆண்கள் சங்கு குளிப்பவர்கள். என் அப்பாவும்தான். படகில் ஒரு கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடிக்குப் போய், மணலில் புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்து வருவார்கள். சிறு வயதில் அந்தக் குழாயும் இல்லாமல், வெறும் மூச்சை அடக்கியே குளித்துப் பழகியவர்கள். யார் எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவார் என்பதை வைத்துத்தான் எங்கள் தெருவில் ஒரு ஆளுக்கு மதிப்பு.

எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரிக்கும் போய் விலங்கியலில் பட்டம் வாங்கினேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. இன்றைக்கும் அதை மறைக்க மாட்டேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, பாங்கில் படிவம் நிரப்ப வேண்டுமா, தெருவே எங்கள் வாசலுக்கு வரும். நோய் பரவியபோது வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுக்கத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். உடனே சேர்ந்துவிட்டேன். கழுத்தில் அடையாள அட்டை. கையில், நெற்றிக்கு நேரே நீட்டி வெப்பம் பார்க்கும் கருவி. பையில், விரலில் கிளிப் மாதிரி மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர். கூடவே ஒரு பதிவேடு. அதில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று மூன்று கட்டம். உண்டு, இல்லை என்று எழுத வேண்டும். என் தெருவையே எனக்குக் கொடுத்தார்கள். ராணி மாதிரி நடந்தேன்.

முதல் நாளே ராணிக்கு அடி விழுந்தது. ஒருவரும் மாஸ்க் போடவில்லை. போலீஸ் வண்டி வந்தால் மாஸ்க் முகத்துக்கு ஏறும். வண்டி போனதும் சட்டைப் பைக்கு இறங்கும். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். அப்பாவின் கூட்டாளியான மாமா பேசிய பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. மாமா என்றால் ரத்த சொந்தம் கிடையாது. அப்பாவும் அவரும் ஒரே படகு, இருபது வருடப் பழக்கம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு.

“ஏளா, நீ படிச்ச பிள்ள. ஒண்ணு கேக்கேன், சொல்லு. கம்ப்ரஸர்ல இஞ்சின் புகை கலந்துச்சுன்னா கீழ கெடக்கவனுக்கு என்ன ஆவும்? செத்துருவாம்லா? கெட்ட காத்து. நாம வெளிய விட்ட காத்தும் கெட்ட காத்துதான? அத மூஞ்சியில துணியக் கெட்டித் திரும்ப இழுன்னு சொல்லுதாவளே, அவுவளுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

குழாயில் புகை கலந்து செத்தவரை எங்கள் தெரு பார்த்திருக்கிறது. அந்தப் பயத்தைப் புத்தகத்தில் படித்த நாலு வார்த்தையால் தள்ளிவிட முடியாது. கண்ணால் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு மெழுகுவர்த்தியோடு போனேன். வலை வைக்கும் கொட்டகைக்குள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, மாஸ்க்கோடு நன்றாக ஊதிக் காட்டினேன். சுடர் கொஞ்சம் ஆடியதே தவிர அணையவில்லை. “பாத்தீங்களா? வாயிலருந்து தெறிக்கிற எச்சிலும் இப்படித்தான் தடுபட்டு நிக்கும். எதுத்தாப்புல நிக்கவங்களுக்குப் போகாது” என்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தியளா மக்கா, அவளே சொல்லிட்டா! ஒரு மெழுகுவர்த்திய அணைக்கக்கூடக் காத்து வெளிய போவல. அப்ப எங்கன நிக்கி? உள்ளதான நிக்கி? அதத்தான நானும் சொல்லுதேன்!”

கொட்டகையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தியைக் குப்பையில் எறிந்தேன். அம்மா அதை எடுத்துத் துடைத்து மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

இவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. தங்கள் தொழிலில் தெரிந்ததை வைத்து யோசித்தார்கள், தப்பாக யோசித்தார்கள். என் கோபம் வேறு ஒருவர் மேல். எங்கள் தெருவில் பிறந்து, துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, மாப்பிள்ளையூரணிப் பக்கம் வீடு கட்டிப் போனவர். தெரு முழுக்க அவரை ‘சார்’ என்றுதான் சொல்லும். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்னும் இருந்தார். அந்த வாரம் அவர் ஓர் ஆடியோவை அதில் போட்டார். யாரோ ஒருவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, அழகான தமிழில் பேசுகிறார். மாஸ்க் போட்டால் உடம்பில் ஆக்ஸிஜன் குறையும். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்பது மக்களைப் பயமுறுத்தச் சொல்லும் பொய். உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்; மூச்சை இழுத்துப் பத்து விநாடி அடக்குங்கள், இருமல் வராவிட்டால் கொரோனா இல்லை. கீழே சார் தன் பங்குக்கு எழுதியிருந்தார்: ‘பயனுள்ள தகவல். அனைவருக்கும் பகிரவும்.’

அதே சார் அலுவலகத்துக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பத்து விநாடி! சங்கு குளிக்கிற தெருவுக்கு வந்து பத்து விநாடி! மற்ற ஊர்களில் அது ஒரு வதந்தியாக வந்து போயிருக்கும். எங்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து சேர்ந்தது. நுரையீரல் பாதி கெட்டிருந்தாலும் பத்து விநாடி அடக்கிக் காட்டக்கூடியவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அன்று சாயங்காலமே கொட்டகையில் பந்தயம் தொடங்கிவிட்டது. கண்ணை மூடி, கன்னத்தை உப்பிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கு நோய் இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை மாமா வீட்டு வாசலுக்குப் பதிவேட்டோடு போனேன். அதற்குள் ஒரு வாரமாகக் கதவுகள் என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டிருந்தன. ‘இவ காய்ச்சல்னு எழுதிட்டான்னா வாசல்ல தகரம் அடிச்சு அடச்சிருவாவ’ என்று என் காதில் விழவே பேசினார்கள். கூடப் படித்தவள்கூட ஜன்னல் வழியாகத்தான் பதில் சொன்னாள். நான் பையிலிருந்து ஆக்ஸிமீட்டரை எடுத்ததும் மாமா கையைக் காட்டித் தடுத்தார்.

“அந்தக் கிளிப்ப உள்ள போடு. நீ எண்ணு, நான் அடக்குதேன். அதவிடப் பெரிய கருவியா அது?”

அதற்குள் அப்பாவும் வந்துவிட்டார். “ஏலே, ஒத்தைக்கு அடக்கி ஜெயிச்சேன்னு சொல்லப் பாக்கியா? இரு, நானும் வாரேன்.” இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஒரு வாரமாகச் சாத்திக்கிடந்த கதவுகள் எல்லாம் திறந்தன. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் எண்ணத் தொடங்கினேன்.

தொண்ணூறில் அப்பா மூச்சை விட்டார். மாமா விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்தார். நூறு என்றதும் தெருவில் கைதட்டல். நூற்றுப் பத்தில் வாயைத் திறந்தார். இரண்டு முறை இருமினார். “பீடிச் சளி” என்றார்.

மாமாவின் மனைவியை நான் அத்தை என்பேன். வாசல்படியில் நின்றபடி அத்தை கேட்டார்: “என்ன, நூத்திப்பத்துக்கே வாயத் தொறந்துட்டிய? போன மாசம் எளவட்டங்க கூடப் பந்தயம் கெட்டி நூத்தி எம்பது போனியள்லா? வயசாயிட்டு ஒமக்கு!”

“சும்மா கெட” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு வீட்டுக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை என்று எழுதினேன். ஆறு ‘இல்லை’. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஆக்ஸிமீட்டர் பையில்தான் இருந்தது. பேட்டரியும் நன்றாக இருந்தது. ஏன் மாட்டிப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் முதல் முறையாகத் தெரு என்னைப் பார்த்துச் சிரித்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதைவிட மரியாதையான காரணம் ஒன்று கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் அப்பா மீன் குழம்பை ஒதுக்கி வைத்தார். மணமே தெரியவில்லை என்றார். அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆக்ஸிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். எண்பத்து நாலு காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண். வேறு விரலில் மாட்டினேன், அதே எண். என் விரலில் மாட்டினேன், தொண்ணூற்றெட்டு. கருவியில் கோளாறு இல்லை. மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டிப் பார்த்தேன், எழுபத்தாறு.

“ஒன் கிளிப்பு பொய் சொல்லுது ஏளா. இந்தா, நான் நல்லா பேசிட்டுத்தான இருக்கேன்?”

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் நேரம் ஆகும் என்றார்கள். மீன் ஏற்றும் லோடு ஆட்டோவில் இருவரையும் உட்கார வைத்துக்கொண்டு நானும் அத்தையும் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வளாகத்தில் நுழைந்தபோது நல்ல மத்தியானம். ஆம்புலன்ஸ்கள் வாசலிலிருந்து சாலை வரை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர், ஒரு சிலிண்டர், விசிறிக்கொண்டிருக்கும் ஒரு சொந்தக்காரர். ஆம்புலன்ஸ் கிடைக்காதவர்கள் மரத்தடியில் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். உள்ளே ஒரு படுக்கை காலியானால்தான் வெளியே ஒருவர் நகர முடியும். எப்படிக் காலியாகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் போனில் ஏதோ விவாத நிகழ்ச்சியைச் சத்தமாக வைத்திருந்தார். மாஸ்க்கால் பயன் உண்டா இல்லையா, படுக்கைகள் போதுமா போதாதா என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர், “பீதியைக் கிளப்பாதீர்கள், படுக்கை இருக்கிறது” என்றார். அந்தப் போனைப் பிடுங்கி, அந்த முகத்தை அந்த வரிசைக்கு நேரே திருப்பிக் காட்டினால் என்ன என்று கை துடித்தது. “அத அணைங்கண்ணே!” என்று கத்திவிட்டேன். அவர் அணைத்தார். அவருடைய மடியில் அவர் மனைவி தலை சாய்த்துப் படுத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் மேல் போன கோபம் என் மேலேயே திரும்பியது.

தலை முதல் கால் வரை மூடிய உடையில் ஒரு நர்ஸ் வரிசையைப் பார்த்தபடி வந்தார். கூட்டம் தாங்க முடியாமல், கண்ணால் பார்த்தே யாருக்கு அவசரம் என்று பிரித்தார்கள். மூச்சு வாங்கி நெஞ்சு ஏறி இறங்குபவர்களை முதலில் எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் இருவரும் முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்கடியில் காற்று குறைந்தால் பதறக் கூடாது, பதறினால் சாவு என்று உடம்புக்குப் பழக்கியவர்கள். மூச்சு முட்டுவதை முகத்தில் காட்டவே தெரியாதவர்கள்.

“பேசிட்டுத்தானே இருக்காங்க, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்று நர்ஸ் எங்களைத் தாண்டிப் போனார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். தொடக் கூடாதுதான். பிடித்துவிட்டேன். “சிஸ்டர், இவங்க சங்கு குளிக்கிறவங்க. இவங்க மூஞ்சியப் பாக்காதீங்க. விரலப் பாருங்க!” அவர் கோபமாகத் திரும்பினார். என்ன நினைத்தாரோ, தன்னிடமிருந்த கருவியை எடுத்து மாட்டினார். அப்பாவுக்கு எண்பத்தொன்று. மாமாவுக்கு எழுபது. நர்ஸ் கருவியையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இவர் எப்படி உட்காந்து பேசிட்டிருக்கார்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஸ்டிரெச்சருக்குக் குரல் கொடுத்தார்.

அப்போது உள்ளே ஓர் இடம்தான் இருந்தது. எண் குறைந்தவருக்குத்தான் அது. மாமாவைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார்.

“ஏலே, இங்கயும் நாந்தாம்ல முந்திட்டேன்.”

அதுதான் அவர் எங்களிடம் கடைசியாகப் பேசியது.

அப்பாவுக்கு மூன்று மணி நேரம் கழித்து நடைபாதையில் ஒரு சிலிண்டர் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். மாமா நாலாம் நாள் போய்விட்டார். எத்தனையோ பேரைப் பார்த்துக் களைத்துப்போன ஒரு டாக்டர் அத்தையிடம், “ஒரு மூணு நாலு நாள் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்மா” என்றார். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு மூன்று நாள் முன்னால் என்ன கிழமை, எத்தனை மணி, நான் எங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

குழுவில் முதல் இரங்கல் சாரிடமிருந்துதான் வந்தது. மாலை போட்ட விளக்குப் படம், ‘ஆழ்ந்த இரங்கல்’. விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால் அந்த ஆடியோ அப்படியே இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு அவர் வந்திருந்தார், இரண்டு மாஸ்க்கோடு. மாதா கோயில் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். நாலு பேர் பார்க்கத்தான் கேட்டேன்.

“எனக்கு வந்தத அனுப்புனேன். டாக்டர் சொன்னதுன்னுல்ல போட்டிருந்துச்சு. நாலு பேருக்கு நாலு கருத்து இருக்கும்மா. டி.வி.லயே பெரிய பெரிய ஆளுங்க விவாதம் பண்ணல?”

“அப்ப நீங்க ஏன் சார் ரெண்டு மாஸ்க் போட்டிருக்கீங்க?”

அவர் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தி, “வீடு வீடா வந்து பாத்தது நீதான? நீ என்ன எழுதுன?” என்றார்.

என்னிடமிருந்து தப்பிக்கத்தான் அப்படிக் கேட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கேள்வியில் தப்பு இல்லை.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: “அத்த, அன்னைக்கி அந்தக் கிளிப்பு என் பையிலதான் இருந்துச்சு. நான் மாட்டிப் பாக்கல.”

அத்தை மடிப்பதை நிறுத்தவில்லை. மாமாவின் சட்டை ஒன்று இன்னும் கொடியில் கிடந்தது. அதையும் எடுத்து மடித்து மேலே வைத்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா. நூத்தி எம்பது போறவிய நூத்திப்பத்துல வாயத் தொறந்துட்டாவன்னு. எல்லாரும் சிரிச்சிய. நீயும்தான சிரிச்ச?”

திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காதவர். தன் புருஷனின் மூச்சு ஒரு மாதத்தில் எழுபது எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அன்று அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் கவனித்தார், வாய் விட்டும் சொன்னார். விலங்கியல் படித்து, நுரையீரலைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கிய நான், பத்தைத் தாண்டினால் போதும் என்று விட்டுவிட்டேன். சார் அனுப்பிய அந்த ஆடியோவை நான் நம்பவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று எண்ணியபோது நானும் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

அப்பா இப்போது கடலில் இறங்குவதில்லை. படகில் உட்கார்ந்து, இறங்கியவர்களின் குழாயைப் பார்த்துக்கொள்கிறார். நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். சொந்தமாக ஓர் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்; யாராவது ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்றால் விரலை நீட்டச் சொல்கிறேன். திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் யாராவது, ‘மாஸ்க்கெல்லாம் சும்மா, பெட் இல்லன்னதெல்லாம் பூச்சாண்டி’ என்று பேசுவது காதில் விழும். உடனே எனக்கு ரத்தம் கொதிக்கும்; நீங்கள் எந்த வரிசையில் நின்றீர்கள் என்று திரும்பிக் கேட்டுவிடுவேன். ஆனால் அந்தக் கோபம் முழுவதையும் அவர்கள் மேலேயே இறக்கி வைத்துவிட்டு நான் லேசாகிவிடக் கூடாது என்பதற்காக, அழகான கையெழுத்தில் நான் எழுதிய அந்த ‘இல்லை’யை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.